பின் பிரேக் பேடு: வீட்டிலேயே மாற்றலாமா, ஒர்க்‌ஷாப்பில் விடலாமா?

லாரா_கோவை:
வண்டி 2011 ஸ்கோடா லாரா டீசல், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். சில நாட்களாகப் பின்னால் இருந்து கீச்சென்று சத்தம். வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிப்பக்கப் பேடு 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருப்பது போலத் தெரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு பேடு, டிஸ்க், ஃப்ளூயிட், லேபர் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள், தலை சுற்றுகிறது. டிஸ்க்கை எதற்கு மாற்ற வேண்டும் என்றால் "சேர்த்து மாத்தினாதான் சார் நல்லது" என்பதைத் தாண்டிப் பதில் இல்லை. முன் பேடு நானே மாற்றிய அனுபவம் உண்டு, சி கிளாம்ப்பும் இருக்கிறது. பின்னாலும் அதே வேலைதானே? ஞாயிறு உட்காரலாம் என்று நினைக்கிறேன்.

ஈரோடு_டர்போ:
தாராளமாக உட்காருங்க. இரண்டு போல்ட், பேடைப் பிடித்து அழுத்துகிற ஒரு கேலிப்பர், அவ்வளவுதான். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் அழுவானேன்?

ஸ்பானர்_மணி:
தம்பி, வேண்டாம். சி கிளாம்ப் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முன் கேலிப்பரில் பேடைத் தள்ளுகிற பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போய்விடும். உங்கள் வண்டியில் பின் கேலிப்பருக்குள்ளேயே ஹேண்ட்பிரேக்கின் வேலையும் இருக்கிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் தானாக முன்னே வந்து நிற்பதற்காக உள்ளே ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். அதனால் பிஸ்டனை அழுத்திக்கொண்டே வலப்பக்கமாகத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு நேராக நெரித்தால் அந்தத் திருகு கெட்டுவிடும், அப்புறம் கேலிப்பரே புதிது வாங்க வேண்டியதுதான். லேபரை மிச்சம் பிடிக்கப் போய் கேலிப்பருக்குக் காசு கொடுத்தவர்களை எங்கள் கேரேஜில் நிறையப் பார்த்தாயிற்று.

ஈரோடு_டர்போ:
மணி அண்ணே, நீங்க சொன்னது சரியான டூல் வாங்கணும் என்பதற்கான காரணம், ஒர்க்‌ஷாப் போகணும் என்பதற்கான காரணம் இல்லை. பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளும் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது, புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் கிடைக்கும். ஒரு தடவை வாங்கினால் வண்டி இருக்கும்வரை உதவும். அதுவும் போக, ரோட்டோர கேரேஜ் எத்தனை பேரிடம் அந்த கிட் இருக்கிறது? பிளையரை பிஸ்டன் பள்ளத்தில் குத்தித் திருப்பி, சுற்றியிருக்கும் ரப்பர் உறையைக் கிழித்துவிட்டு அனுப்புவதை நானே நின்று பார்த்திருக்கிறேன். கிழிந்த உறை வழியாக மழைத்தண்ணீர் போய், பிஸ்டன் துருப்பிடித்து இறுகும்போது பழி பேடு மேல்தான் விழும்.

ஸ்பானர்_மணி:
அப்படிச் செய்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் டூல் மட்டும்தான் பிரச்சினையா? முன் வீலைக் கழற்றும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு தைரியமாக உட்காரலாம். பின் பேடு மாற்ற ஹேண்ட்பிரேக்கை இறக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் உள்ளே போகாது. அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியரும் முன் வீலுக்குக் கொடுக்கிற கட்டையும் மட்டும்தான். நம் ஊர் வீட்டு வாசல் பாதி ரோட்டைப் பார்த்துச் சரிந்துதான் இருக்கும். அதில் வண்டியோடு வந்த ஜாக்கைப் போட்டு, ஸ்டாண்டு இல்லாமல், உள்ளே கையை விட்டு வேலை பார்க்கிறார்கள். அந்த ஜாக் ஸ்டெப்னி மாற்றுவதற்குத்தான் கொடுத்தது.

லாரா_கோவை:
எங்கள் போர்டிகோ சமதளம்தான் அண்ணே. இரண்டு ஜாக் ஸ்டாண்டு இருக்கிறது. ஹேண்ட்பிரேக் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

சுதா_ஓசூர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பிரேக் உதிரி பாகங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. இரண்டு பேரும் பிஸ்டனையும் ஜாக்கையும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள், கேள்வி கேட்டவர் வெளிப்பேடை மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. இந்த மாதிரி கேலிப்பரில் பிஸ்டன் இருப்பது உள்பக்கம். கேலிப்பர் நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின் (வழுக்கி நகரும் கம்பி) உண்டு. அவை காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகிவிட்டால் உள்பேடு மட்டும் தனியாகத் தேயும், வெளியே இருந்து பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தெரியும். 3 மி.மீ. என்ற கணக்கை நம்பாதீர்கள். வீலைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

டிஸ்க்கைப் பற்றி: குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். சாதா வெர்னியர் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பில் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். அளவு அதற்கு மேல் இருந்து, ஆழமான கோடும் விரிசலும் இல்லை என்றால் "சேர்த்து மாத்தினாதான் நல்லது" என்பது வெறும் விற்பனைப் பேச்சு.

ஈரோடு_டர்போ:
சுதா மேடம் சொன்னதுதான் பாயிண்ட். இந்த விற்பனைப் பேச்சு ஏன் எடுபடுகிறது? நமக்குத் திறந்து பார்க்கத் தெரியாது என்ற தைரியம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமாக சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது ஞாபகம் இருக்கா? உதிரி பாகங்களையும் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாதிரி கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் வழக்கு. கம்பெனிகள் அப்பீல் போனது தனிக்கதை. ஆனால் "நீ தொடாதே, நாங்க பார்த்துக்கறோம்" என்பதற்குப் பின்னால் பாதுகாப்பு மட்டும் இல்லை, வியாபாரமும் இருக்கிறது.

ஸ்பானர்_மணி:
டர்போ, அந்த வழக்கில் அடிபட்டது என்னை மாதிரி தனி கேரேஜ்காரன்தான், உங்களுக்கு ஆதாரம் என்று என்னிடமே அதை நீட்டாதீர்கள். ஸ்கேனர் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நான் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆடியோ, சீட் கவர், ஏர் ஃபில்டர் எது வேண்டுமானாலும் வீட்டில் மாற்றிப் பழகுங்கள், பிரேக்கில் பழகாதீர்கள் என்கிறேன். ஏர் ஃபில்டரைத் தப்பாகப் போட்டால் வண்டி இழுக்காது, இதைத் தப்பாகப் போட்டால் வண்டி நிற்காது.

ஈரோடு_டர்போ:
பஞ்ச் நல்லாத்தான் இருக்கு. ஆனால் உங்க கேரேஜில் சேர்ந்த பையனும் முதல் நாள் யாரோ ஒருத்தர் பிரேக்கில்தான் பழகியிருப்பான்!

ஸ்பானர்_மணி:
பழகினான், பக்கத்தில் நான் நின்றேன். முடித்ததும் நான் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போனது. வீட்டில் யார் நிற்பார்கள்?

சுதா_ஓசூர்:
அது நியாயமான கேள்விதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், இதைப் படித்துவிட்டு வேறு வண்டிக்காரர்கள் இறங்கிவிடக் கூடாது. ஹேண்ட்பிரேக் லீவருக்குப் பதில் பட்டன் இருக்கிற வண்டிகளில் பெரும்பாலும் பின் கேலிப்பரிலேயே மோட்டார் இருக்கும். அதைச் சர்வீஸ் மோடில் போட்டுப் பின்னே இழுக்க வைத்த பிறகுதான் பேடைத் தொடலாம். அதற்குப் பெரும்பாலும் ஸ்கேனர் வேண்டும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் கியர் போகும், வேலை பார்க்கும்போது யாராவது பட்டனை அழுத்தினால் விரல் போகும். லாராவில் லீவர் என்பதால் பிழைத்தார். பாதிக்கு மேற்பட்ட சின்னக் கார்களில் பின்னால் டிரம், அவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

லாரா_கோவை:
ஃப்ளூயிட் மாற்றியே ஆக வேண்டுமா? பேடு மாற்றினால் பிளீட் செய்ய (லைனில் இருக்கும் காற்றை வெளியேற்ற) வேண்டும் என்கிறார்கள் சிலர்.

ஈரோடு_டர்போ:
ஹோஸைக் கழற்றாதவரை காற்று உள்ளே போகாது, பிளீடிங் தேவையில்லை. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஃப்ளூயிட் அளவு ஏறும், அதை மட்டும் பார்த்துக்கோங்க. வழிந்து பெயின்ட் மேல் பட்டால் பெயின்ட் காலி.

ஸ்பானர்_மணி:
இதில் டர்போவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

சுதா_ஓசூர்:
காரணம் இதுதான்: பிரேக் ஃப்ளூயிட் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி, ஈரம் சேர்ந்த நிலையில் அதுவே 155 டிகிரிக்கு இறங்கலாம். கோவையில் இருக்கிறீர்கள், ஊட்டி, வால்பாறை என்று போவீர்கள். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வந்தால் ஃப்ளூயிட் கொதித்து ஆவியாகி, பெடல் மெத்தென்று உள்ளே போகும். பேடு புதிதாக இருந்து அப்போது என்ன பயன்?

லாரா_கோவை (ஞாயிறு மாலை):
இடது பின் வீலைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்பேடு நான் சொன்ன அளவுதான். உள்பேடு கிட்டத்தட்டப் பின்பக்க இரும்புத் தகடு வரை தேய்ந்து போயிருக்கிறது. கீழ் ஸ்லைடு பின் கையால் அசைக்கவே முடியவில்லை. டிஸ்க்கின் உள்பக்கம் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்குக் கோடு. வலது பக்கம் இரண்டு பேடும் சமமாக, ஸ்லைடு பின்னும் நன்றாக நகர்கிறது. அப்படியே மூடிவிட்டேன், வண்டியை எடுக்கவில்லை. தெரிந்த மெக்கானிக் நாளைக்கு வீட்டுக்கே வருகிறார்.

ஸ்பானர்_மணி:
கடைசியில் மெக்கானிக்தான் வர வேண்டியிருந்தது, பார்த்தீர்களா டர்போ?

ஈரோடு_டர்போ:
அவரே திறந்து பார்த்ததால்தான் தெரிந்தது, பார்த்தீங்களா அண்ணே? எஸ்டிமேட் போட்டவர்கள் ஸ்லைடு பின்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பேடையும் டிஸ்க்கையும் மாற்றி அனுப்பியிருந்தால் புது பேடும் இதே கதியாகத் தேய்ந்திருக்கும்.

ஸ்பானர்_மணி:
அது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. லாரா தம்பி, வருகிறவரிடம் சொல்லுங்கள்: ஸ்லைடு பின்னுக்குச் சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிப்போகும், பிரேக்குக்கென்று இருக்கிற சிலிகோன் கிரீஸ்தான் வேண்டும். கேலிப்பர் போல்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வீல் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். டிஸ்க் என்றால் ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாக்கணும், முதல் மிதி தரை வரை போகும். பழைய உள்பேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த எஸ்டிமேட் கொடுத்தவர்களிடம் காட்டலாம்.