மறு: கேப்பிபராவுக்கு ஒரு தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

> நீர்நாய், நீர்யானை வரிசையில் நீர்ப்பன்றியே பொருத்தம். அறிவியல் பெயரும் அதுதான்.

ஐயா, வணக்கம். ஹைட்ரோகீரஸ் என்றால் கிரேக்கத்தில் நீர்ப்பன்றிதான், மறுக்கவில்லை. ஆனால் தென் அமெரிக்காவின் பந்தனால் சதுப்புநிலம் பற்றிய இந்தப் பாடம் ஐந்தாம் வகுப்புக்கு. பெயரில் பன்றியை வைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே ‘உலகின் மிகப்பெரிய கொறிணி’ (எலி, அணில் இனம்) என்று எழுதினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? நீர்நாயும் நாய் இல்லையே என்பீர்கள். அது குறுந்தொகையிலேயே இருக்கும் சொல், புழங்கிப் புழங்கி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. புதுச்சொல்லைப் பிரித்துத்தான் படிப்பார்கள்.

பிரேசிலின் பழங்குடிகளான துப்பி மொழிக்காரர்கள் இதற்கு ‘புல் தின்பது’ என்று பெயர் வைத்தார்கள். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேற்புறத்தில், விரல்களுக்கிடையே அரைகுறைச் சவ்வு, நீருக்குள் 5 நிமிடம் வரை மூச்சடக்கும். எல்லாம் சரி, ஆனால் வயிறு நிறைவது புல்லால். தேயத் தேய வளரும் வெட்டுப்பல்லையும் சேர்த்துப் ‘புற்கொறி’ என்று முன்வைக்கிறேன்.

> நீர்ப்பெருச்சாளி?

அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. சீமைப்பெருச்சாளியும் கேப்பிபராவும் ஒரே குடும்பம். ஆனால் அடுத்த பக்கத்தில் கோய்ப்பு என்ற இன்னொரு கொறிணி வருகிறது. வேறு குடும்பம், நீளமான எலிவால், அதுவும் நீர்வாசி. இந்தப் பெயர் அதற்குத்தான் அச்சாகப் பொருந்தும். கேப்பிபராவுக்கு வால் இருப்பதே தெரியாது.

அப்புறம், வரைவில் ‘கேப்பிபராக் கன்று’ என்றிருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் எலிக்கும் அணிலுக்கும் குட்டி என்கிறது, பறழ் என்றாலும் தவறில்லை என்கிறது. பறழை மீட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

---

புற்கொறியை இன்று வகுப்பில் எழுதிப் போட்டேன். “புற்றுக்குள்ள இருக்குமா மிஸ்?” என்று கேட்டார்கள். கேப்பிபரா என்றதும் பாதி வகுப்பு கை தூக்கியது, கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். நம் குழுவில் பெரும்பாலோர் ஒப்பியதால் தலைப்பில் கேப்பிபரா, அடியில் ‘நீர்நிலைகளில் வாழும் பெரிய கொறிணி’ என்று அனுப்புகிறேன். பறழுக்கு அருஞ்சொற்பொருள் போட இடமில்லை, குட்டி என்றே இருக்கட்டும்.

---

அச்சுக்குத் தாமதமாக வேண்டாம், அனுப்புங்கள் அம்மா. நான் உடன்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஜெர்மானியர் இன்றும் நீர்ப்பன்றி என்றே தம் மொழியில் சொல்கிறார்கள், அங்கே பிள்ளைகள் குழம்பவில்லை. ஒலிபெயர்ப்புத்தான் என்றால் பிரேசிலில் சொல்வதுபோல் ‘கப்பிவாரா’ என்றாவது எழுதலாமே? ‘கே’ ஆங்கிலம் வழியாக வந்தது.