கொழிஞ்சாம்பாறை பக்கம் 400 வீடு: தண்ணீர் எங்கிருந்து வரும்?

மேட்டுக்களம்:
கேரள எல்லையோரம் இருக்கிற நம் பஞ்சாயத்தில் ரோட்டோரம் 22 ஏக்கரில் 400 வீடுகளோடு அடுக்குமாடி வரப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை கிராம சபையில் பேச எடுக்கிறார்கள். நான் எதிர்க்கிறேன், காரணம் தண்ணீர். ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரத்துக் குடிநீர்த் திட்டங்களுக்குப் போடும் கணக்கு. வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தாலும் 2,16,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் தினமும் 18 லோடு. கோடையில் எங்கள் தெருவுக்கு வாரத்துக்கு ஒரு லோடு வந்தாலே குடத்தோடு ஓடுகிறோம். மலை மறைவில் இருக்கிற ஊர் இது, பாலக்காட்டில் கொட்டுகிற மழை நமக்கு இல்லை. பக்கத்துப் பெருமாட்டியில் பிளாச்சிமடைக் கிணறுகள் என்ன ஆயின என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கொத்தனார் மகன்:
அண்ணா, பிளாச்சிமடையை இதில் இழுக்காதீர்கள். அங்கே 2000-ல் வந்த குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சி பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு விற்றது, பஞ்சாயத்து 2003-ல் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது, 2004-ல் ஆலை நின்றது, அது நியாயம். இங்கே வரப்போவது மனிதர்கள் குடியிருக்கும் வீடு. என் அப்பா இத்தனை வருஷமாக விடியக் காலையில் பஸ் ஏறி கோயம்புத்தூர் போய்க் கட்டடம் கட்டுகிறார். அந்த வேலை இங்கேயே இரண்டு மூன்று வருஷம் கிடைத்தால் எத்தனை குடும்பத்துக்கு நல்லது. நான் கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறேன், கல்யாணமாகி எட்டு மாதமாக வாடகை வீடு தேடுகிறேன், ஒழுங்கான கக்கூஸ் உள்ள வீடு ஒன்று அமையவில்லை. அப்புறம் ஆளியாற்றுத் தண்ணீர் இருக்கிறதே, தமிழ்நாட்டோடு போட்ட 1970 ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷம் 7.25 டி.எம்.சி. நமக்கு வர வேண்டும்.

மேட்டுக்களம்:
தம்பி, அந்த 7.25 டி.எம்.சி. நம் சித்தூர்த் தாலுகாப் பாசனத்துக்கு உள்ளது. அதை வாங்கவே வறட்சி வருஷத்தில் தமிழ்நாட்டோடு மல்லுக்கு நிற்கிறோம். மூலத்தறை வலதுகரைக் கால்வாயை எருத்தேம்பதி, வடகரப்பதி வரை நீட்டச் சொல்லி எவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! வயலுக்கே வராத தண்ணீர் நாலாவது மாடிக்கு எப்படி ஏறும்? போர்வெல்தான் போடுவார்கள், ஆயிரம் அடி.

பத்து சென்ட்:
எனக்கு இதில் தண்ணீரைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. என் தங்கை பத்து சென்டில் வீடு கட்ட ஒன்றரை வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள், அவள் இடம் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல் பட்டியலில், வயல் என்று ஏறிக் கிடந்தது, அதிலிருந்து நீக்கச் சொல்லி ஐந்தாம் நம்பர் பாரம் கொடுத்து, மறுபடி கொடுத்து, செருப்புத் தேய்ந்தது. 22 ஏக்கருக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதாம். எப்படி என்று காட்டட்டும்.

சித்தூர் டீச்சர்:
கேட்க வேண்டியது அதைத்தான். அந்த இடம் வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் புரையிடமா (மேட்டு நிலம்), ‘நிலமா’ (நெல்வயல்)? டேட்டா பேங்கில் இருந்தால் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி மண் நிரப்ப முடியாது. அதில் இல்லாமல் ரெக்கார்டில் மட்டும் நிலம் என்று இருந்தால், 2018 திருத்தத்தின்படி பணம் கட்டித் தரம் மாற்றலாம், ஆனால் 50 சென்டுக்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கை நீர் சேமிப்புக்கு ஒதுக்க வேண்டும். 22 ஏக்கரில் அது 2.2 ஏக்கர், ஒரு நல்ல குளமே வெட்டலாம். பிளானில் அந்தக் குளம் எங்கே?

இன்னொன்று. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், 400 வீடு என்றால் நிச்சயம் தாண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது, 2006 அறிவிக்கையிலேயே விலக்கு இருக்கிறது. அதனால் நாம் வாய் திறக்க கிராம சபையை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த நோட்டீஸும் மலையாளத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறது, என் தெருவில் பாதிப் பேருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. தமிழிலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழில் எழுதவும் பதில் வாங்கவும் நமக்கு உரிமை தந்திருக்கிறது.

கொத்தனார் மகன்:
டீச்சர் சொல்வது சரி, குளத்தை நானும் கேட்கிறேன். கழிவுநீரைச் சுத்தம் பண்ணி கக்கூஸுக்கும் செடிக்கும் திருப்பி விட வேண்டும் என்றும் எழுதி வாங்குவோம். ஆனால் வீடே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தோட்டத்துக் களத்தில் இரண்டு போர்வெல் ஓடுகிறது, தென்னைக்குச் சொட்டுநீர் போடாமல் இன்றும் வாய்க்கால் கட்டித்தான் பாய்ச்சுகிறீர்கள். அந்தக் கணக்கையும் இங்கே போடுங்கள்.

மேட்டுக்களம்:
போடுகிறேன். அது என் தப்புதான், மானியத்துக்கு மனு கொடுத்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டேன். ஆனால் என் போரில் தண்ணீர் வற்றினால் தென்னைதான் காயும், அங்கே 1,600 பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் கிணற்றடிக்கு வருவார்கள், வராதே என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சனிக்கிழமை காலையில் கயிறும் டேப்பும் எடுத்து வருகிறேன். அந்த 22 ஏக்கரைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதிச் சபையில் கொடுக்கலாம். எந்தக் கிணறு என்று நீயே சொல்.

கொத்தனார் மகன்:
வருகிறேன் அண்ணா. உங்கள் களத்துக் கிணற்றிலிருந்து ஆரம்பிப்போம்.