புதுப்பிப்பு: அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு முன் போட்ட ஊசி

போன மாசம் கேட்டிருந்தேன்: அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரையால் வலது கண்ணுக்குள் ரத்தக்கசிவு, விழித்திரையும் இழுபட்டிருக்கிறது, விட்ரெக்டமிக்கு (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) முன்னால் கண்ணில் ஊசி அவசியமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ஆபரேஷன் தேதி உறுதியான பிறகு ஊசி போடச் சொல்லுங்க" என்று ஒரு அண்ணாச்சி எழுதியதுதான். பாளையங்கோட்டையில் டாக்டரிடம் கேட்டபோது காரணம் புரிந்தது. ஊசியில் போடும் பெவாசிசுமாப் மருந்து, சர்க்கரையால் கண்ணில் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களை வற்ற வைக்கும். ஆபரேஷனில் ரத்தம் கசிவது குறையும். ஆனால் குழாய் வற்றும்போது கூடவே இருக்கும் நார்ப்படலம் இறுகி, விழித்திரையை இன்னும் இழுத்துவிடலாம். ஊசிக்குப் பிறகு நாள் தள்ளிப்போனால் அந்த ஆபத்து கூடும். (இது புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. சீட்டில் பார்த்ததும் பதறிவிட்டேன். கண்ணுக்குப் போடுவது மிகச் சிறிய அளவுதானாம்.)

திங்கள் ஊசி, வெள்ளி ஆபரேஷன் என்று முடிவானது. எதிர்பாராதது வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. வெறும் வயிறு என்றதும் அப்பா பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டார். பிரஷர் 190. அன்றைக்கு முடியாது என்றார்கள். ஊசி போட்டாயிற்றே என்று எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, சனிக்கிழமையே செய்துவிட்டார்கள். எந்த மாத்திரையை நிறுத்தணும், எதைப் போடணும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தம் அதிகம் கசியவில்லை என்றார் டாக்டர். விழித்திரை நகராமல் தாங்கிப்பிடிக்கக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் வைத்திருக்கிறார்கள். சில மாதம் கழித்து எடுக்கணும். வெளிச்சம் மட்டும் தெரிந்த கண்ணில் இப்போது விரல்களை எண்ணுகிறார். இடது கண்ணுக்கு அடுத்த வாரம் லேசர்.