ஸ்நோர்ட் பேட்டர்ன்களை எஃப்பிஜிஏக்குள் ஏற்றினால் டைமிங் விழுகுது. ஆராவது பாருங்கோ

கொழும்பு, வெள்ளவத்தை. இறுதியாண்டு ப்ரொஜெக்ட்: ஸ்நோர்ட் எண்ட நெட்வொர்க் ஊடுருவல் கண்டறியிற மென்பொருளின்ர பேட்டர்ன்களை (தாக்குதலைக் காட்டுற எழுத்துத் தொடர்கள்) எஃப்பிஜிஏயில, அதாவது உள்சுற்றை நாங்களே அமைக்கக்கூடிய சிப்பில, தேடுறது. வைவா அடுத்த மாசம்.

போர்ட்: ஆர்ட்டி ஏ7-35டி (ஆர்ட்டிக்ஸ்-7 சிப்), டிசைன் மென்பொருள் விவாடோ. கிளாக்குக்கு ஒரு பைட், 125 மெகாஹெர்ட்ஸ், அதாவது 1 ஜிகாபிட் வேணும். போர்டின்ர ஈதர்நெட் 100 மெகாபிட்தான். அதால பாக்கெட்டை சிப்புக்குள்ளயே உருவாக்கி விடுறன்.

எழுத்து டிகோடர்கள் (வந்த பைட் எந்த எழுத்தெண்டு சொல்லுற சுற்றுகள்) எல்லாப் பேட்டர்னுக்கும் பொது, பேட்டர்னுக்கு ஒரு ஃப்ளிப்ஃப்ளொப் (ஒரு பிட்டை வச்சிருக்கிற சுற்று) சங்கிலி. சிமுலேஷன் சுத்தம். பேட்டர்ன் கூடக்கூட ஸ்லாக் (சிக்னல் போய்ச் சேர்ந்த பிறகு கிளாக்கில மிஞ்சுற நேரம்) மைனஸுக்குப் போகுது. போர்டில சில பேட்டர்ன்கள் பிடிபடுதில்லை. ரிப்போர்ட்டில மோசமான பாதை எப்பவும் 'e', 'o' டிகோடரிலிருந்துதான். ஃபேன்-அவுட்தான், அதாவது ஒரு சிக்னல் கனக்க இடத்துக்குப் போறதுதான், வில்லன்.

டிகோடருக்குப் பின்னால ரெஜிஸ்டர் போட்டன், மேக்ஸ் ஃபேன்-அவுட் குடுத்துப் பார்த்தன். ஸ்லாக் கொஞ்சம் ஏறிச்சு, காணாது. அஹோ-கொராசிக்கை (எல்லாப் பேட்டர்னையும் ஒரே ஓட்டத்தில தேடுற நிலை இயந்திரம்) பிளொக் ராமில (சிப்புக்குள்ள இருக்கிற நினைவகம்) வைக்கவும் பார்த்தன்: நிலைக்கு 256 சுட்டி, சுட்டிக்கு 14 பிட், இருக்கிற 1,800 கிலோபிட்டில 500 சொச்சம் நிலைதான் கொள்ளும். பெரிய போர்ட் வாங்குற விலையைக் கேக்கவே வேண்டாம்.

பைட்டை 2 பிட் வீதம் நாலாப் பிரிச்சு ஓட்டுற பிட்-ஸ்ப்ளிட் அஹோ-கொராசிக்கை ஆர்ட்டிக்ஸ்-7இல 125 மெகாஹெர்ட்ஸில ஓட்டினாக்கள் இருக்கிறியளா? அல்லது டிகோடர் ரெஜிஸ்டர்களை மரம் மாதிரிப் பிரிச்சாலே தப்பலாமா?