அப்பாவோட துப்பாக்கிக்குத் தானப் பத்திரம் போதுமா?

ஏலக்காடு:
அப்பாவுக்கு 74 வயசு. 1988-ல லைசென்ஸ் எடுத்து வாங்கின 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு வெச்சிருக்கார், தேனி மாவட்டத்துல இருக்கிற எங்க ஏலத்தோட்டக் காவலுக்கு. இப்ப கண் ஆபரேஷன் ஆனதால "நீயே எடுத்துக்கோடா"ங்கிறார். நான் இருக்கிறது கோயமுத்தூர். தானப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டா வேலை முடிஞ்சதுன்னு சித்தப்பா சொல்றார். அது சரிதானா?

பழையசோறு:
சித்தப்பா சொல்றதுல தப்பே இல்ல தம்பி. டிராக்டர், மோட்டார் பம்பு மாதிரி அதுவும் அப்பா காசு போட்டு வாங்கின பொருள்தானே? மகனுக்குக் கொடுக்க யாரைக் கேக்கணும்? எங்க பெரியப்பா போன பிறகு அவர் துப்பாக்கி ஆறு வருஷம் பரண்லயே கெடந்தது. ஒரு போலீஸ்காரரும் எட்டிப் பார்க்கல.

நோட்டரி பெஞ்சு:
பழையசோறு அண்ணே, அந்த ஆறு வருஷமும் மாட்டாம இருந்தது உங்க ஜாதகம். சட்டம் அப்படி இல்ல.

துப்பாக்கி சொத்துதான், மறுக்கல. ஆனா லைசென்ஸ் சொத்து இல்ல. ஒரு ஆளோட பேருக்குக் கொடுத்தது, அந்த ஆளோட முடிஞ்சுது. 1959 ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை வாங்கவும் கூடாது, வெச்சிருக்கவும் கூடாது. பத்திரத்துல எத்தனை சீல் இருந்தாலும் இதுதான். மீறினா 25-ஆம் பிரிவு. முன்னாடி 1 முதல் 3 வருஷம்னு இருந்ததை 2019 திருத்தத்துல 2 முதல் 5 வருஷம் ஆக்கிட்டாங்க, அபராதம் தனி.

உங்க பெரியப்பா போனதும் அதைத் தாமதிக்காம ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலயோ ஒப்படைச்சிருக்கணும் (21-ஆம் பிரிவு). பரண்ல வைக்கிறது ஒப்படைக்கிறது ஆகாதுண்ணே.

பழையசோறு:
நானும் சட்டம் பார்த்துட்டுத்தான் வந்தேன் வக்கீலய்யா. 5-ஆம் பிரிவுல என்ன போட்டிருக்கு? சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிறவர் இன்னொருத்தருக்குக் கைமாத்தலாம், கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சிட்டு 45 நாள் பொறுக்கணும். அவ்வளவுதானே? ஒரு லெட்டர், ஒண்ணரை மாசம்.

நோட்டரி பெஞ்சு:
வக்கீல் இல்லண்ணே, வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்தவன். நீங்க ஒரு வரியை விட்டுட்டீங்க. வாங்குறவர் ஏற்கெனவே அதை வெச்சிருக்கத் தகுதி உள்ளவரா இருக்கணும், அதாவது லைசென்ஸ் கையில இருக்கணும். 45 நாள்ங்கிறது அதுக்கு மேல வர்ற நிபந்தனை.

ஏலக்காடு தம்பிக்குச் சரியான வழி 2016 ஆயுத விதிகள்ல 25-ஆம் விதி. அப்பா உயிரோட இருக்கும்போதே வாரிசு ஒருத்தரைக் காட்டி, அவர் பேருக்கு லைசென்ஸ் கேக்கலாம். அப்பாவுக்கு 70 வயசு ஆகியிருக்கணும், இல்லன்னா 25 வருஷம் துப்பாக்கி வெச்சிருந்திருக்கணும். உங்க கேஸ்ல ரெண்டுமே இருக்கு. அதுக்காகத் தானா வந்துடாது. மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி, போலீஸ் விசாரணைன்னு புதுசா கேக்கிறவருக்கு உள்ள அத்தனையும் உங்களுக்கும் உண்டு. 21 வயசு முடிஞ்சிருக்கணும். கூடப்பிறந்தவங்ககிட்ட ஆட்சேபனை இல்லன்னு எழுதி வாங்கச் சொல்வாங்க. அதுல ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் ஃபைல் நகராது, நான் பார்த்திருக்கேன்.

அதுவரைக்கும் துப்பாக்கி அப்பா வீட்டுல, அப்பா பொறுப்புலயே இருக்கட்டும். "சும்மா கார்ல எடுத்துட்டு வந்துடறேன்"னு கோயமுத்தூருக்குக் கிளம்பிடாதீங்க.

மெர்க்காரா மழை:
குடகுல லைசென்ஸே இல்லாம வீட்டுக்கு வீடு வெச்சிருக்காங்களே, அவங்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லியா?

நோட்டரி பெஞ்சு:
அது வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. குடகு இனத்தாருக்கும் ஜம்மாங்கிற பரம்பரை மானிய நிலக்காரங்களுக்கும் 41-ஆம் பிரிவுல விலக்கு உண்டு. 2019-ல வந்த அறிவிப்புல அதுக்கும் 2029 வரைன்னு கெடு வெச்சிருக்காங்க. 2021-ல கர்நாடக ஹைகோர்ட்டும் அந்த விலக்கு செல்லும்னு சொல்லிடுச்சு. தேனி மாவட்டத்துக்கு அது வராது.

துருப்பிடிச்சது:
எங்க வீட்டுல தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கு. குதிரையே உடைஞ்சு போச்சு. ஷோகேஸ்ல மாட்டிக்கலாம்ல? பழசுக்குச் சட்டம் இல்லன்னு கேள்வி.

நோட்டரி பெஞ்சு:
45-ஆம் பிரிவுல இருக்கிறது அப்படியில்ல. பழைய மாடலோ பழுதானதோ, *ரிப்பேர் பண்ணினாலும்* சுட முடியாததா இருக்கணும். உடைஞ்ச குதிரையை எந்தப் பட்டறையிலயும் மாத்திடலாம். ஷோகேஸ்ல மாட்டி ஃபோட்டோ வேற போட்டுடாதீங்க, சாமி.

செவந்திப்பூ:
எல்லாரும் எப்படிக் கைமாத்துறதுன்னே பேசுறீங்க. எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. தம்பி இருக்கிறது டவுன்ல, ஃப்ளாட்டுலன்னு நெனைக்கிறேன். பன்னி வர்றது தோட்டத்துல. லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப்பன்னியை நம்ம இஷ்டத்துக்குச் சுட முடியாது, அதுக்கு வனவிலங்குச் சட்டம் தனியா இருக்கு. அப்புறம் தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் வைன்னு நோட்டீஸ், 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற அலைச்சல். எங்க அப்பா துப்பாக்கியை நாங்க ஆயுதக் கடையில வித்துட்டோம். அன்னைக்குத்தான் அம்மா நிம்மதியா தூங்கினாங்க.

பழையசோறு:
விக்கிறதா! குடும்ப அடையாளம்மா அது. எனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு, இல்லன்னா நானே வாங்கிக்குவேன்.

நோட்டரி பெஞ்சு:
ரெண்டுக்கு மேல உங்களுக்கும் கிடையாதுண்ணே. முன்னாடி 3 இருந்தது, 2019-ல 2 ஆயிடுச்சு. பரம்பரையா வந்ததும் அந்தக் கணக்குலதான் சேரும். பெரியப்பாவோடது இப்ப எங்க இருக்குன்னு நான் கேக்கல.

செவந்திப்பூ:
ஏலக்காடு தம்பி, கூடப்பிறந்தவங்க கையெழுத்துன்னு வந்துச்சே. உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா? அவங்ககிட்ட பேசினீங்களா?

ஏலக்காடு:
ஒரு அக்கா. நேத்து ராத்திரிதான் ஃபோன் போட்டேன். கையெழுத்து போடமாட்டாளாம். "தோட்டத்துல கெடக்கிறது நான், ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு வாட்ச்மேனோட போறது நான், உனக்கெதுக்குடா அது?"ங்கிறா. 25-ஆம் விதியில மகளைக் காட்டினாலும் செல்லும்ல?

நோட்டரி பெஞ்சு:
தாராளமா. அப்ப நீங்கதான் கையெழுத்துப் போடணும்.