காலுறைக் கத்தி: மூன்றாவது அலகும் விரிசல் விட்டுவிட்டது

தே ஆற்றங்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பஸ் பணிமனை ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறேன். இரும்பு எனக்குப் புதிதல்ல, கத்திதான் புதிது. செப்டம்பரில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பெர்த் பக்கம். இங்கே ஆண்கள் பாவாடை போல் உடுத்தும் கில்ட் உடுத்திக்கொண்டுதான் வருவார். கில்ட்டுடன் அணியும் முழங்கால் உயரக் கம்பளிக் காலுறையில், பிடி மட்டும் வெளியே தெரியும்படி ஒரு சிறு கத்தியைச் செருகிக்கொள்வது இங்கு வழக்கம். இங்குள்ள பழைய மொழியான கேலிக்கில் ‘ஸ்கீயன் டூ’, அதாவது கருங்கத்தி. பிடி கறுப்பாக இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். ‘டூ’ என்பதற்கு மறைவானது என்ற பொருளும் உண்டு, அதனால் ஒளித்துவைத்த கத்தி என்பார்கள் வேறு சிலர்.

வாடகை உடுப்புக் கடையில் மாப்பிள்ளைக்கு ஒன்றைக் காட்டினார்கள். பிளாஸ்டிக் பிடி, தலையில் கண்ணாடிக் கல். உருவிப் பார்க்கலாம் என்று இழுத்தால் வரவில்லை. பிடியும் உறையும் ஒரே வார்ப்பு, உள்ளே அலகே கிடையாது. நின்ற இடத்திலேயே, யோசிக்காமல், ‘நான் செய்து தருகிறேன்’ என்று சொல்லிவிட்டேன்.

அது ஜனவரியில். இதுவரை மூன்று அலகுகள் செய்து மூன்றையும் கெடுத்திருக்கிறேன்.

முதலாவது, பணிமனையில் கழித்துப்போட்ட வில் பட்டையில் அறுத்தது. ஊரில் லாரிப் பட்டையில்தானே அரிவாள் அடிக்கிறார்கள் என்ற துணிச்சல். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து எடுத்தால் வாழைக்காயாக வளைந்திருந்தது. இரண்டாவது, காசு கொடுத்து வாங்கிய ஓ1 என்ற கருவி எஃகு. கூர்ப்பக்கத்தை முன்னதாகவே தாள் கனத்துக்குத் தேய்த்துவிட்டேன். தோய்த்த பிறகு ஓரம் முழுக்க அப்பள விளிம்பு மாதிரி நெளிந்துவிட்டது. மூன்றாவதுதான் மனத்தை உடைத்தது. அதுவும் ஓ1தான். 85 மில்லிமீட்டர் நீளம், முதுகில் 3 மில்லிமீட்டர் கனம், அளவெல்லாம் சுத்தம். பழைய கத்திகளின் முதுகில் வரிசையாக வெட்டு போட்டிருப்பார்களே, அதையும் விடக்கூடாது என்று முக்கோண அரத்தால் ஒன்பது வெட்டுகள் போட்டேன். எண்ணெயில் இறங்கியதும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நான்காவது வெட்டின் அடியிலிருந்து எண்ணெய் மயிரிழையாகக் கசிந்திருக்கிறது. அந்தக் கோடு கூர்ப்பக்கம் நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டது.

உலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தகர டப்பா, உள்ளே பீங்கான் பஞ்சு, ஒரு கேஸ் பர்னர். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கொட்டகையில் சனிக்கிழமைகளில் மட்டும் வேலை. எஃகை மாற்றுவதா, எண்ணெயை மாற்றுவதா, வாயை மூடிக்கொண்டு கடைக்கே போவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் வழி இருந்தால் சொல்லவும்.

அரக்காரன்:

ஐயா, எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். உங்கள் முக்கோண அரம்தான் குற்றவாளி. அலகு எண்ணெயில் இறங்கும் நொடியில் எஃகு உள்ளுக்குள் இழுபடுகிறது. அந்த இழுவை கூர்மையான மூலையைத் தேடிப் போய் அங்கே கிழிக்கும். ஒன்பது வெட்டுகள் போட்டு ஒன்பது வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறீர்கள். தோய்த்த பிறகு அரம் ஏறாது என்பதால் வெட்டுகளை முன்பே போடத்தான் வேண்டும். ஆனால் உருண்டை அரத்தால் போடுங்கள். அடிப்பகுதி பிறை மாதிரி வளைய வேண்டும். பிறகு உப்புத்தாளை நூலாகச் சுருட்டி ஒவ்வொரு குழிக்குள்ளும் இழுத்து, அரம் கீறிய தடம் போகும்வரை தேயுங்கள். அலுப்பான வேலைதான். நான் ஒரு கத்திக்கு ஒரு மாலை முழுவதையும் இதற்கே ஒதுக்குவேன்.

எஃகுக்கு வருகிறேன். ஓ1 நல்ல எஃகு, ஆனால் டப்பா உலைக்கு ஏற்றதல்ல. ஏறத்தாழ 800 டிகிரியில் சில நிமிடங்கள் ஏற்ற இறக்கம் இல்லாமல் நிறுத்தினால்தான் அதன் முழுக் குணமும் வெளிவரும். நிறத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு 1084 என்ற எளிய எஃகு போதும். அதில் உள்ள கரி ஏறத்தாழ 0.84 சதவீதம், முரண்டு பிடிக்காது. காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். 770 டிகிரி வாக்கில் காந்தம் அலகை விட்டுவிடும். அதற்கு மேல் நிறம் ஒரு சாயல் ஏறியதும் தோய்த்துவிடலாம். கொட்டகையை இருட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும்.

தோய்ப்பதற்கு முன் மூன்று முறை சிவக்கவைத்துக் காற்றிலேயே ஆறவிடுங்கள். அறுத்ததும் தேய்த்ததும் எஃகுக்குள் விட்டுச்சென்ற முறுக்கு இறங்கிவிடும். உங்கள் முதல் அலகு வளைந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். கூர்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, மிச்சத்தைப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சமையல் எண்ணெயே போதும். முனை கீழே இருக்க நேராக இறக்கி மேலும் கீழும் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் துழாவினால் மறுபடியும் வாழைக்காய்தான். எண்ணெய்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரும்பு மூடி ஒன்று இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றும் ஆள் நீங்கள் அல்ல என்று நம்புகிறேன்.

பிறகு, எளிதில் உடையும் தன்மை குறைய, சமையலறை அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னும் ஒரு இரண்டு மணி நேரம். அலகு வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். அடுப்பின் முள்ளை நம்பாதீர்கள், தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். என் அடுப்பு 25 டிகிரி பொய் சொல்கிறது.

பிடிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

தே ஆற்றங்கரையான்:

மிக்க நன்றி. முக்கோண அரத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

பிடிக்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று செம்மான் கொம்பு. வசந்தத்தில் ஆண் மான்கள் தாமாக உதிர்த்துவிட்டுப் போவதை மலைப்பக்கம் நடக்கப் போகும் நண்பர் எடுத்துவந்து கொடுத்தார். ஊரில் வீட்டில் மான் கொம்பு இருந்தால் வனத்துறை வந்து நிற்கும். இங்கே நாய் கடித்து விளையாட அதையே கடையில் விற்கிறார்கள். ஆனால் துளை போட்டால் நடுப்பகுதி ரொட்டித் துண்டு மாதிரி உதிர்கிறது.

மற்றது சதுப்பு ஓக். சதுப்பு நிலத்துக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் புதைந்து கிடந்த மரம். மரத்தின் துவர்ப்பும் மண்ணில் உள்ள இரும்பும் சேர்ந்து கறுத்துப்போனது. பிடித்துப் பார்த்தால் மரமா, கல்லா என்றே தெரியவில்லை. கருங்கத்திக்கு இதைவிடப் பொருத்தமான கறுப்பு கிடையாது. ஈரமாக இருந்ததால் ஹீட்டர் மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் நீளவாக்கில் பிளந்திருந்தது. திட்டுவதானால் திட்டுங்கள்.

அரக்காரன்:

திட்டவில்லை, நானும் ஒரு துண்டை அப்படித்தான் கெடுத்தேன். மிச்சம் இருந்தால் இரு முனைகளிலும் மெழுகு பூசி, குளிர்ந்த அறையில் மாதக்கணக்கில் விட்டுவிடுங்கள். செப்டம்பருக்குள் காயாது, எனவே ஏற்கெனவே காய்ந்த துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கொம்பை வேறு கத்திக்கு வையுங்கள். உதிரும் நடுப்பகுதியைச் சுரண்டி எடுத்து எப்பாக்சிப் பசை ஊற்றி, அலகின் வாலை அதற்குள் இறக்கினால் அசையாது. கொம்பானாலும் மரமானாலும் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். கொம்புத் தூசியின் நாற்றத்தை மனைவி ஒரு நாள் பொறுப்பார், மறுநாள் பொறுக்க மாட்டார்.

வெள்ளித்தட்டு:

பூணும் உறை முனையும் வெள்ளியில் செய்ய நினைத்தால் ஒரு விஷயம். 7.78 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளிப் பொருளை வெள்ளி என்று சொல்லி விற்பதானால் தரத்துக்குச் சான்றான முத்திரை வேண்டும். நீங்கள் விற்கவில்லை, எனவே அவசியமில்லை. ஆனாலும் எடின்பரோ முத்திரைக் கூடத்தின் மூன்று கோபுரக் கோட்டைச் சின்னம் அந்தப் பூணில் இருந்தால் அதன் அழகே தனி. அதற்கு முதலில் உங்கள் பெயர் எழுத்துகளைக் குறியாகப் பதிவு செய்ய வேண்டும், செலவு உண்டு. முதல் கத்திக்கு நிக்கல் வெள்ளியே (பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை) போதும் என்பது என் கருத்து. தலையில் கல் வைப்பதானால் கண்ணாடி வேண்டாம். புகை நிறப் படிகம், கெய்ர்ன்கோர்ம் என்பார்கள், அதுதான் மரபு.

நிழல்:

கொட்டகைக்குக் கத்தியை எப்படி எடுத்துப் போகிறீர்கள்? ஸ்காட்லாந்தில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் தேசிய உடையின் பகுதியாகக் கத்தி அணிய விலக்கு இருக்கிறது. கில்ட்டோடு காலுறையில் இருக்கும்வரை அது உங்களைக் காக்கும். ஜீன்ஸ் பையில் கிடந்தால் அந்த விலக்கு உதவாது, தக்க காரணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில் மற்றக் கருவிகளோடு கொண்டுபோங்கள். தேனிலவுக்கு விமானம் ஏறும்போது கைப்பையில் வைத்துவிட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள்.

உறவு அறுவதற்கு இங்கேயே மருந்து இருக்கிறது. கத்தியை வாங்குகிறவர் ஒரு பென்னி கொடுத்துவிட்டால் அது பரிசு ஆகாது, வியாபாரம் ஆகிவிடும்.

தே ஆற்றங்கரையான்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். 1084, உருண்டை அரம், இருட்டுக் கொட்டகை. அலகு நேராக வந்தது. அரத்தை அதன் மேல் இழுத்தால் கண்ணாடியில் ஆணி வழுக்குவது போல் வழுக்கியது. சத்தம் எதுவும் இல்லை. அந்தச் சத்தமின்மைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இடையில் எடின்பரோ தேசியக் கலைக்கூடத்துக்குப் போனேன். மலைநாட்டுக் குலத்தலைவர் கிளெங்காரி மெக்டானலை ஓவியர் ரேபர்ன் 1812இல் வரைந்த முழு உருவ ஓவியம் அங்கே இருக்கிறது. வலது காலுறையில் கத்தி தெரிகிறது. 1746 சட்டம் கில்ட் உள்ளிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையைத் தடை செய்து, 1782இல் அந்தத் தடை நீங்கி, முப்பது ஆண்டுகள் ஆன பிறகு வரைந்த படம். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் இரண்டு முறை பக்கத்தில் வந்து போனார்.

பென்னி யோசனையை வீட்டில் சொன்னேன். ஒப்புதல் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, தாம்பாளத்தில் வைக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் கூடிவந்தது என்று நினைத்தேன். பின்னல் வேலைப்பாட்டைப் பிடியின் ஒரு பக்கம் மட்டும் செதுக்கி, வலது காலில் வெளியே தெரியும்படி உறையையும் தைத்து முடித்துவிட்டேன். நேற்று மகள் சொல்கிறாள், மாப்பிள்ளை இடது கைக்காரராம்.

அரக்காரன்:

அப்படியானால் இடது காலுறையில்தான் செருகுவார். பிடியின் மறுபக்கத்தையும் செதுக்குங்கள் ஐயா, இன்னும் ஏழு சனிக்கிழமைகள் இருக்கின்றன. உறையை மட்டும் புதிதாகத் தையுங்கள்.