புதுப்பிப்பு: அந்த கிப்சன் கிட்டார் 1991 இல்லை, 1995

பழைய கிட்டார் ஒன்று வாங்கி, எந்த மாடல், எந்த வருடம் என்று கேட்டிருந்தேன் அல்லவா? லெஸ் பால் (கிப்சனின் பிரபலமான எலக்ட்ரிக் கிட்டார் வகை) வடிவம், தலைப்பகுதியில் மாடல் பெயர் எழுதிய சிறு மூடி இல்லை, பின்புறம் மரத்தில் அழுத்திப் பதித்த 91225364 என்ற எண். முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து 1991 என்று நானே முடிவு கட்டியிருந்தேன். தப்பு.

1977 முதல் 2005 வரை கிப்சனின் எட்டு இலக்க எண்களில் பெரும்பாலும் முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்ததுதான் வருடம். இங்கே 9, 5. நடுவில் உள்ள 122 வருடத்தின் 122ஆவது நாள், அதாவது மே 2. கடைசி மூன்று இலக்கம் 300க்கு மேல் இருப்பதால் நாஷ்வில் தொழிற்சாலை.

எண்ணை மட்டும் நம்ப மனமில்லை. போலி கிட்டாரிலும் எண் இருக்கும். பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரே தூசி. வால்யூம் பாட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) முதுகில், ஈயப் பற்றுக்குக் கீழே பாதி மறைந்து 1379451 என்று தெரிந்தது. 137 என்றால் அந்தப் பாகத்தைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 94ஆம் வருடம், 51ஆவது வாரம். பற்றவைப்பு மங்கலாக, யாரும் கைவைக்காதது போல இருக்கிறது. 1994 டிசம்பரில் செய்த பாகம் 1995 மே மாதக் கிட்டாரில் இருப்பது சரியாகப் பொருந்துகிறது. 1991 என்றால் பொருந்தவே பொருந்தாது.

அப்புறம் மாடல். உடலின் ஓரத்திலும் கழுத்திலும் பைண்டிங் (விளிம்பில் ஒட்டும் மெல்லிய பட்டை) கிடையாது, மேற்பகுதி மேடாக வளைத்துச் செதுக்கியிருக்கிறது. ஆக, லெஸ் பாலின் எளிய மாடலான ஸ்டூடியோ. விற்றவர் ‘ஸ்டாண்டர்ட்’ (பைண்டிங் உள்ள, அதைவிட உயர்ந்த மாடல்) என்று சொன்னது ஆசையில் சொன்னது போல. எனக்கென்னவோ வருத்தமில்லை, சத்தம் அருமை.

பெயர் மூடி மட்டும் இன்னும் தேடுகிறேன்.